வால் போட்ட கையெழுத்து

எங்கள் வங்கிக் கிளை சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே கிராணியாகச் சேர்ந்தேன். குமாஸ்தாவை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கையெழுத்து அட்டைகள் என் பொறுப்பு. பணம் எடுக்க வருகிறவர் போடும் கையெழுத்து, கணக்குத் தொடங்கியபோது அட்டையில் போட்டதோடு ஒத்துப்போகிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொந்தக் கையெழுத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பெயரை எழுதி முடித்ததும் அதன் அடியில் நீளமாக ஒரு வால் இழுத்து, நுனியைச் சுழித்து, இரண்டு புள்ளி வைப்பேன். வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தர உத்தரவைக் கண்ணால் பார்த்தால்தான் பெண் கொடுப்பேன் என்று கேலாங்கில் ஒரு தகப்பனார் கறாராகச் சொல்லியிருந்தார். பெண்ணை நான் கோயிலில் நான்கு முறை பார்த்துவிட்டேன். அதனால் உத்தரவு எனக்கு மிகவும் அவசரமாகத் தேவைப்பட்டது.

அப்போதுதான் எங்கள் வாடிக்கையாளரான, துணி வெளுக்கும் டோபி அண்ணன் வந்து முறையிட்டார்.

“கிராணி, இந்த மையால பெரிய தொல்லைலா. ஒரு தடவை கைநாட்டு வச்சா ரெண்டு நாளைக்குப் பெருவிரல் கறுப்பு. துரை வீட்டு வெள்ளைச் சட்டையில எல்லாம் என் ரேகை! எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுங்க.”

ஒரு தாளில் அவர் பெயரை எழுதிக் கொடுத்து, பார்த்துப் பழகச் சொன்னேன். என் கை சும்மா இருக்குமா? பெயருக்கு அடியில் வாலும் புள்ளியும் தாமாக வந்து விழுந்தன. ஒரு மாதம் கழித்து அவர் வந்து, அட்டையில் அதே வால், அதே புள்ளியோடு புதுக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் போய் ஊரெல்லாம் சொல்ல, பால்காரர் வந்தார், பூக்கடைக்காரர் வந்தார், வெற்றிலைக் கடைக்காரர் வந்தார். மொத்தம் எட்டுப் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பேருக்கும் வால்.

தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் கண்ணுக்கு அட்டைகளில் எட்டுப் பெயர்கள் தெரிந்தன. அவர் கண்ணுக்கு எட்டு வால்கள் தெரிந்தன. அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கினார். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தார். ஒன்பதாவது வால்.

எட்டுப் பேர் கணக்கிலும் நானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள், அந்த ஆண்டி நான்தான். எங்கள் மேனேஜர் கெஞ்சிக் கேட்டு ஒரு நாள் தவணை வாங்கினார்.

மறுநாள் காலை எட்டுப் பேரும் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் டோபி அண்ணன், கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டையில். துரை பேனாவை நீட்டினார். அண்ணன் உட்கார்ந்து, தாளின் நடுவில் முதலில் வாலை இழுத்தார். சுழித்தார். இரண்டு புள்ளி வைத்தார். அதற்குப் பிறகுதான் வாலுக்கு மேலே ஒவ்வோர் எழுத்தாக ஏற்றினார்.

துரை திகைத்துப்போனார். ஏன் அப்படி என்று மேனேஜர் தமிழில் கேட்டார்.

“கொடியக் கட்டாம துணியக் காயப் போடுறதா? என்ன சார் நீங்க!”

மேனேஜர் அதை மொழிபெயர்த்ததும் துரை சிரித்துவிட்டார். பிறகு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்தார். நான் பெயரை எழுதிவிட்டுத்தான் வாலுக்கு வந்தேன். இரண்டும் ஒரே கை இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மற்ற ஏழு பேரும் அவர் எதிரிலேயே போட்டுக் காட்டினார்கள். வேலை தப்பியது.

ஆனால், கிராணிக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரிக் கையெழுத்து இருக்கக் கூடாதாம். எட்டுப் பேரை மாற்றுவதைவிட ஒருவனை மாற்றுவது சுலபம் என்று துரை தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து நான் வாலில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், அன்று வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, டோபி அண்ணனைத்தான் என் பக்கச் சாட்சியாக அழைத்துப் போனேன். அவர் நிதானமாகக் கொடி கட்டி, துணி காயப் போட்டார். மேலே என் கையெழுத்து மொட்டையாக நின்றது.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டை வெகுநேரம் பார்த்தார்.

“சாட்சிக்காரரு நல்லாப் படிச்சவரு போல. மாப்பிள்ளைதான் இப்பத்தான் கையெழுத்துப் பழகுறாரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் டோபி அண்ணன் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“கவலப்படாதீங்க. நான் எழுதிக் குடுத்து பழக்கிடுறேன்.”