நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன்

கூச்சத்தால் ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கலியாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் ராஜபாளையத்திலிருந்து மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, காடு பார்க்கச் செண்பகத்தோப்புக்குப் போனோம்.

ஓடைக்கரையில் புளியோதரை சாப்பிடும்போது அவர் சொன்னார்: “ஏட்டி, காட்டுல யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாந்தரம்தான் திரும்பணும். முந்தித் திரும்புனா, கூப்பிட்டது கூட்டிட்டுப் போயிரும்.”

“உங்களுக்கென்ன பயம்? பேரு கேட்டா அது நானில்லன்னு தெரிஞ்சிரும். நான் என்னிக்கு உங்க பேரைச் சொல்லிருக்கேன்?” என்றேன். சிரித்துக்கொண்டே கை கழுவ ஓடைக்குள் இறங்கினார்.

மழையே இல்லை. ஆனால் குருவிச் சத்தம் சட்டென்று நின்றது. நிமிர்ந்தால், மலையிலிருந்து செந்நிற வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்.

“ஏங்க! ஏங்க!” என்று கத்தினேன். ஓடை இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளம் ஓடை வளைவைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, “சுப்பையா!” என்று அலறினேன்.

உடனே திரும்பிக் கரைக்குத் தாவினார். அவர் நின்ற பாறை தண்ணீரில் மறைந்தது.

“நல்லவேளை, மூணு தரம் பேரு சொல்லிக் கூப்பிட்ட. மொத ரெண்டு தரமும் காதுக்குள்ளயே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு” என்றார்.

நான் பெயர் சொன்னது ஒரே தடவைதான். எதிரொலி என்றால் எனக்குப் பிறகல்லவா கேட்டிருக்க வேண்டும்? இன்றுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் என் ஒரு குரலுக்கு அவர் திரும்பியிருக்க மாட்டார். கூப்பிட்டது எதுவோ, அதற்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. பதில் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.