இனிமே குதிப்பியா?

அரியலூர் வருவதற்குள் எங்கள் ரயில் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் என் மகளின் கை எப்படி உடைந்தது என்று தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். எதிர் இருக்கை அம்மாவிடம் முதலில். காது சற்று மந்தமான அவருடைய கணவருக்காக இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. பிறகு டீ விற்றுக்கொண்டு வந்தவரிடம். சன்னலுக்கு வெளியே தை மாதத்துப் பனி. வயல் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளுப்பு. மகள் அதைப் பார்த்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கைக்கு மேலிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு. அப்போது அவளுக்கு இரண்டரை வயது.

"கட்டில்ல குதிச்சிட்டு இருந்தா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள விழுந்துட்டா" என்று நான் சொன்னேன்.

எதிர் இருக்கை அம்மா ஒரு விரலை ஆட்டி, "குதிக்கலாமா கண்ணு? இனிமே குதிப்பியா?" என்று கேட்டார்.

மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டுனா பத்தாது. வாயால சொல்லு."

"குதிக்க மாட்டேன்."

பெட்டியே சிரித்தது. என் கணவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நானும் சிரித்தேன்.

அவள் கட்டிலில் குதிக்கவே இல்லை. கை உடைந்த அன்று மதியம் அவளைச் சமையலறையில் அடுப்பு மேடைமேல் உட்காரவைத்து ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள் நான். கூடத்தில் போன் அடித்தது. ஒரு நிமிஷம்தானே என்று போனேன். "சொல்லுங்க சார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் எழுத முடியாது.

"மேடை மேல உட்கார வைக்காத" என்று கணவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது புத்தி சொன்னால் எனக்குப் பிடிக்காது. அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் சுத்தமாகப் பிடிக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூப்பிட்டபோது என் வாய் தானாகக் கட்டில் என்று சொல்லிவிட்டது. அவரிடம் சொன்ன பிறகு டாக்டரிடமும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பொய் குழந்தை மாதிரியே தவழ்ந்து, நடந்து, ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பொங்கல் லீவுக்குக் கேரளாவில் படகு வீடு என்றுதான் திட்டம் போட்டிருந்தோம். மாவுக்கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் படகு கையை விட்டுப் போனது. லீவு மட்டும் மிஞ்சியது. "பெரம்பலூர்ல அக்கா வீட்டுக்குப் போலாம். நாலு நாள் சும்மா இருக்கலாம்" என்றார் கணவர். அவருடைய அக்கா எனக்கு அண்ணி. வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். அவர் அனுப்பிய கார் அரியலூர் ஸ்டேஷன் வாசலில் நின்றது.

அந்தக் காரில் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்தன, பனிக்குள்ளேயே போயின. சாலையோர வேப்பமரங்களில் இலைக்கு இலை வெள்ளைத் தூசு படிந்திருந்தது. "மரத்துக்கும் மாவு" என்றாள் மகள். போகப் போகப் பனி விலகி, சாலையின் பாதி மஞ்சளாகிவிட்டது. மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையிலேயே காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் மணிகள்மேல் ஏற்றாமல் வளைந்து வளைந்து, தண்ணீரில் போவதுபோல் மெதுவாக ஓட்டினார். படகு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த முக்கால் மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த நாலு நாளில் நான் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

ஏனென்றால் அண்ணியின் தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறது. கை கால் உடைந்த ஆள் ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து பார்ப்பார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த மத்தியானமே தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்பு வந்தது. சாயங்காலம் இன்னொரு வீட்டிலிருந்து பிரண்டைத் துவையல். மறுநாள் காலையில் மறுபடியும் ஆட்டுக்கால் சூப்பு, கூடவே நாட்டுக்கோழி முட்டை. மகள் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மிச்சத்தைக் கணவர் குடித்தார். உடையாத அவருடைய எலும்புகளுக்கு அந்த லீவில் நல்ல யோகம்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"எப்புடிம்மா வுழுந்துச்சு புள்ள?"

நான் சொல்வேன். சொல்லச் சொல்லக் கதைக்குக் கையும் காலும் முளைத்தன. தலையணைகளை அடுக்கி அதன்மேல் ஏறினாள். "வேணாம்டி, வேணாம்டி" என்று நான் கத்தினேன். அவள் கேட்கவில்லை. பொத்தென்று விழுந்தாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அந்தக் கட்டில் எனக்குக் கண்ணில் தெரிந்தது. நீலப் பூப்போட்ட விரிப்பு, திரைச்சீலை வழியாக வந்த மத்தியான வெயில், காற்றில் எழும்பிய அவளுடைய சின்னப் பாவாடை. அண்ணி வீட்டில் பகலெல்லாம் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டபடி மதியம் படுத்திருக்கும்போது அடுப்பு மேடைதான் நான் கண்ட கனவோ என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றினால் நன்றாகத் தூக்கம் வந்தது.

கதை முடிந்ததும் விரல் ஆடும். "இனிமே குதிப்பியா?" மகள் தலையை ஆட்டுவாள். "வாயால சொல்லு." சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கும் அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் யாராவது செருப்பைக் கழற்றும்போதே, கேட்பதற்கு முன்பே, "குதிக்க மாட்டேன்" என்றாள்.

எதிர் வீட்டுக்காரர் ஒருவர் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத அறுத்துப் போட்டுட்டு எண்ணெய்க் கட்டு போடுங்கம்மா. ஒரே வாரத்துல கூடிரும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எக்ஸ்ரே பாத்தீங்களாங்க?" என்று கேட்டுவிட்டேன். பொய் சொல்கிறவளுக்குக் கோபம் மட்டும் எப்படி இவ்வளவு உண்மையாக வருகிறது என்று பிறகு யோசித்தேன். அண்ணி எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் கண்மையை எடுத்து, மகளின் கன்னத்தில் ஒரு பொட்டும் மாவுக்கட்டில் ஒரு பொட்டும் வைத்தார். "வர்றவங்க கண்ணெல்லாம் கட்டு மேலதானே வுழுது" என்றார்.

அன்று சாயங்காலம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். தன் மகளின் நிக்காவுக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணிகளை வாங்க வந்தவர். அந்தப் பெண்ணின் கணவர் துபாயில் இருப்பதாக அண்ணி சொன்னார். அவர் கட்டைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். கேள்வி வரப்போகிறது என்று நான் தலையணைகளை அடுக்கத் தயாரானேன். அவர் கேட்கவில்லை.

"எம் மவனுக்கும் இதே கைதான். நான்தான் போட்டுட்டேன். ஒரு கையில புள்ள, ஒரு கையில தண்ணிக் கொடம். கொடத்தப் புடிச்சிக்கிட்டேன், புள்ளைய வுட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். "அல்லா கிருபை, அவன் இப்ப காலேஜ் படிக்கிறான். கொடத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகலம்மா. இன்னும் வூட்டுலதான் கெடக்கு."

பேரீச்சம்பழ டப்பாவை மகளின் மடியில் வைத்துவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை சாத்தனூருக்குப் போனோம். கல்லாகிப்போன மரம் அங்கே இருக்கிறது. கம்பி வேலிக்குள் நீளமாக, பல துண்டுகளாகப் படுத்திருக்கிறது. எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. கணவர் பலகையில் எழுதியிருந்ததைப் படித்து மகளுக்குச் சொன்னார். பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கெல்லாம் கடல் இருந்ததாம்.

"கடல் எங்க?" என்றாள்.

"போயிடுச்சு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். முள்செடிகள், வெளிறிய மண், தூரத்தில் மேயும் நாலு ஆடுகள். கடல் இப்போதுதான் எழுந்து பக்கத்து ஊர்வரை போயிருப்பதுபோல் ஓர் அமைதி. எனக்கும் காதில் கொஞ்சம் அலை கேட்டது. மகள் இடது கையால் தன் கட்டைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக். பிறகு வேலிக்குள் கிடந்த மரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"மரம் குதிச்சிச்சா?"

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணிக்கு உடனே போன் போட்டுச் சொன்னார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தேன், ராத்திரி தூங்கிவிட்டேன்.

கடைசி நாள் அண்ணியையும் கூட்டிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போனோம். வெயில் இறங்கிவிட்டிருந்தது. கோயில் கல் முழுக்கத் தேன் நிறமாகி, அந்த வெளிச்சம் புல்தரையிலும் மனிதர்கள் முகத்திலும் வழிந்துகொண்டிருந்தது. பேசுகிறவர்கள்கூட மெதுவாகத்தான் பேசினார்கள். அண்ணி கால் வலிக்கிறது என்று புல்லில் உட்கார்ந்துவிட்டார். கணவர் வறுகடலை வாங்கப் போயிருந்தார். நானும் மகளும் ஒரு தாழ்வான கல்படியின் மேல் நின்றோம். அரையடி உயரம் இருக்கும். யார் வீட்டுக் குழந்தைகளோ ஏழெட்டுப் பேர் அதிலிருந்து புல்லில் குதிப்பதும் ஏறி வந்து மறுபடி குதிப்பதுமாக இருந்தார்கள். அவளைவிடச் சின்னது ஒன்றும் அதில் இருந்தது.

மகள் விளிம்புவரை போனாள். அங்கே உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்துக் கீழே இறங்கினாள். விழுந்ததற்கு முந்தின நாள்வரை சோபாவிலிருந்து என் கழுத்துக்குத் தாவியவள்.

"அம்மா கையப் புடிச்சுக்கறேன். நீயும் குதிடி" என்றேன்.

"மாட்டேன்."

"ஒண்ணும் ஆகாது."

அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். "வேணாம்டி, வேணாம்டின்னு அம்மா சொன்னாங்க. நான் கேக்கல. குதிச்சேன். பொத்துனு விழுந்தேன். கை ஒடஞ்சிச்சு."

என் வார்த்தைகள். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள், நான் குரலை இறக்கும் இடத்தில் இறக்கினாள். அவளுக்கு அடுப்பு மேடை ஞாபகமில்லை. தலையணை அடுக்கிய கட்டில்தான் ஞாபகம் இருக்கிறது. அவளை ஒருமுறை கீழே விட்டது போதாதென்று, நாலு நாளாக ஊர் ஊராகப் போய் அந்தக் குற்றத்தையும் அவள் தலையில் கட்டியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகை வந்தது.

அவளைத் தூக்கிப் படியில் என் எதிரே நிறுத்தி, நான் புல்லில் மண்டிபோட்டேன்.

"நீ குதிக்கலடி. அது அம்மா சொன்ன பொய். அம்மா உன்ன அடுப்பு மேடையில உட்கார வச்சிட்டு, போன எடுக்கப் போயிட்டேன். நீ சும்மாதான் உட்கார்ந்திருந்த. சமத்தா உட்கார்ந்திருந்த. உன்மேல தப்பே இல்ல. அம்மா மேலதான் தப்பு."

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். புல்லில் உட்கார்ந்திருந்த அண்ணி திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் வறுகடலைப் பொட்டலத்தோடு கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"மேடையிலயா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க வைக்காதன்னு சொன்ன அதே மேடையிலதான்."

அவர் முகம் இறுகியது. பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார். திரும்பி வரும் ரயிலிலும், அதற்குப் பிறகு பல நாளும் நாங்கள் பேசித் தீர்க்க வேண்டியது இருந்தது. ஆனால் அப்போது நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பின்னால் குழந்தைகள் தொப் தொப்பென்று குதித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவள் இடது கையைத் தூக்கி, ஒரு விரலை மட்டும் நீட்டி, என் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

"இனிமே போவியா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லு."

"போக மாட்டேன்" என்றேன்.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள். படியின் விளிம்புக்கு வந்து கால் கட்டைவிரல்களை ஒருமுறை குனிந்து பார்த்தாள். அந்த இடது கையை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்ததும் குதித்தாள்.