உயிருள்ளவளுக்கு ஒரு மரண அறிவிப்பு

நெவெனா ஸ்டோய்கொவா பிறந்தது பல்கேரியாவின் வடமேற்கிலுள்ள மொந்தானாவில், படித்தது வரலாறு, பிழைத்தது தலைநகர் சோஃபியாவில், பிறர் எழுதும் வசவுகளை வாசித்து. சமூக ஊடக நிறுவனம் ஒன்றுக்காக இயங்கிய ஒப்பந்த அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் அவளுக்கு ஒரு மேசை இருந்தது. புகார் வந்த பதிவுகள் திரையில் ஒவ்வொன்றாக வரும். ‘நீக்கு’ அல்லது ‘இருக்கட்டும்’ என்று அழுத்த வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி எழுநூற்று அறுபது. கோடரியால் பிளந்த தலை, உயிரோடு கொளுத்தப்பட்ட நாய், மனைவியின் பல்லை உடைத்து உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்துப் போட்ட கணவன் என நான்கு ஆண்டுகளில் எல்லாவற்றையும் பார்த்து, பார்த்த கையோடு சாப்பிடவும் பழகியிருந்தாள். பேச்சுரிமையில் அவளுக்கு உண்மையான பற்று இருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கட்சித் தலைவரைப் பற்றிச் சொன்ன ஒரு நகைச்சுவைக்காகத் தண்டனை முகாமில் ஒன்பது மாதம் கல் உடைத்தவர் அவளுடைய தாத்தா. ஐயம் எழுந்தால் ‘இருக்கட்டும்’ என்பதே அவள் வழக்கம்.

2023 ஏப்ரல் 18, செவ்வாய். ஈஸ்டர் விடுமுறை முடிந்த முதல் நாள். மேசைகளில் சாயமிட்ட ஈஸ்டர் முட்டைகளின் சிவப்பு ஓடுகள் கிடந்தன. காலை பதினொன்று நாற்பதுக்கு, ‘துன்புறுத்தல்’ என்ற புகாருடன் ஒரு படம் வந்தது. கறுப்புக் கரையிட்ட தாள், சிலுவை, ஒரு பெண்ணின் முகம், பெயர். வாசற்கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் அவள் பிறந்தது முதல் பார்த்துவரும் மரண அறிவிப்புத் தாள்தான் அது. அதை யாரும் முழுதாக வாசிப்பதில்லை. தெரிந்த முகமா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் நடையைக் கட்டுவார்கள். நெவெனாவும் அப்படியே கடந்தாள். துக்கப் பதிவு, இருக்கட்டும்.

வியாழக்கிழமை அதே படம் வேறொருவரின் புகாருடன் மீண்டும் வந்தது. இம்முறை அடியில் நூற்றுச் சொச்சம் மறுமொழிகள். ‘பெட்டிக்கு அளவு எடுத்தாச்சு’ என்றது ஒன்று. ‘நாய்க்கு வச்ச மருந்து மிச்சம் இருக்கு’ என்றது இன்னொன்று. அப்போதுதான் அவள் தாளின் கடைசி வரியை வாசித்தாள். இறந்த தேதி: ஏப்ரல் 21, வெள்ளி.

அது மறுநாள்.

படத்திலிருந்தவள் ஸ்த்ராவ்கா இல்செவா, மலையடிவாரச் சிறுநகர் ஒன்றின் கால்நடை மருத்துவர். அவ்வூர் வேட்டைக் குழுவினர் விஷம் வைத்துக் கொன்ற பதினேழு நாய்களின் படங்களைக் கொன்றவர்களின் பெயர்களோடு வெளியிட்டிருந்தாள். நெவெனா ‘நீக்கு’ என்பதை அழுத்தினாள். ஏற்கெனவே முடிவான பதிவு என்று திரை மறுத்தது. மேற்பார்வையாளன் அசேனிடம் ஓடினாள். அவன் மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பச் சொன்னான். பதில் வர இரண்டு நாள் ஆகும் என்றான்.

“அவ நாளைக்குச் சாகப்போறான்னு அதுல எழுதியிருக்கு, அசேன்.”

“நாம போலீஸ் இல்ல, நெவி. அந்தப் பொம்பளையக் கூப்பிட்டுத் தொலைக்காத, வேலை போயிடும்.”

அவள் படிக்கட்டில் நின்று, ஸ்த்ராவ்காவின் மருத்துவமனை எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். தான் யாரென்று சொன்னாள். மறுமுனையில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மேலாக ஸ்த்ராவ்கா, புதன்கிழமையே காவல் நிலையம் போய்வந்ததைச் சொன்னாள். அவளது புகாருக்கு நிறுவனம் அனுப்பியிருந்த பதிலை அங்கே அவளையே உரக்க வாசிக்கச் செய்திருக்கிறார்கள்: பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை.

“‘அவங்களே தப்பில்லன்னுட்டாங்க, நாங்க என்னம்மா செய்ய’ன்னு சிரிக்கிறானுங்க. அத எழுதினது யாரு, நீங்களா?”

இன்னொருவர் என்று சொல்லிவிடலாம். எவரும் சரிபார்க்கப் போவதில்லை.

“நான்தான்,” என்றாள் நெவெனா.

“அப்ப நாளைக்கு வாங்க. வந்து தப்பாப் பாத்துட்டேன்னு அவனுங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் போனாள். ஒன்பது மணிக்கு மருத்துவமனை வாசலில் இறங்கியபோது கதவில் அதே தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஸ்த்ராவ்கா அதைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குக் காவல் நிலையம் போவதாகப் பேச்சு.

ஒன்பதே காலுக்கு ஒரு ஜீப் வந்தது. மூவர் இறங்கினர், முகத்தை மறைக்கக்கூட இல்லை. முதல் அடி இரும்புக் கம்பியால், ஸ்த்ராவ்காவின் தாடையில். மரக்கிளை முறியும் ஓசையோடு அவள் கதவிலேயே சரிந்தாள். இரண்டாவது அடி தோளில், மூன்றாவது தலையில். குறுக்கே பாய்ந்த நெவெனாவின் வலக்கை மணிக்கட்டில் நான்காவது விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. மூவரில் ஒருவனான வேட்டைக் குழுத் தலைவன் பிளாமென் கீழே கிடந்தவளின் முகத்தருகே தன் கைபேசியைப் பிடித்தான்.

“பாரு டாக்டரு, போஸ்ட்டு இன்னும் இருக்கு. கம்பெனிக்காரனே பாத்துட்டு விட்டுட்டான். எங்க கருத்தச் சொல்றோம், அவ்வளவுதான்.”

பிறகு பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தான். கூண்டுகளில் நாய்கள் கதறின. எதிர் ரொட்டிக்கடைப் பெண் கரண்டியோடு ஓடிவந்து கூச்சலிட்ட பிறகே ஜீப் கிளம்பியது.

ஸ்த்ராவ்காவின் மண்டையில் கசிந்த இரத்தத்தை மாவட்ட மருத்துவமனையில் ஐந்து மணி நேரம் அறுவை செய்து எடுத்தார்கள். பிழைப்பாள், இடக்கண்ணில் பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். ரொட்டிக்கடைப் பெண் அவளுடைய இரத்த முகத்தைப் படமெடுத்து, அடித்தவர்களின் பெயர்களோடு போட்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் அது நீக்கப்பட்டது. காரணம், கொடூரக் காட்சி. எந்த விதியின்படி, எந்த மேசையிலிருந்து என்பதெல்லாம் நெவெனாவுக்குத் தெரியும். அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் அழுத்தியிருப்பாள். மரண அறிவிப்பு அப்படியே இருந்தது.

மாலையில் மாவட்ட விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்க வந்தபோது, அதற்குள் செய்தி எட்டிவிட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர் கைபேசியில் அழைத்தார். பார்த்த எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்திட்டதைப் பணிவோடு நினைவூட்டினார். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

“அந்தப் பதிவ எவ்வளவு நேரம் பாத்தீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“நாலு நொடி.”

“அத அப்படியே எழுதிக்கவா? உங்க மேலயே வழக்கு வரலாம்.”

“எழுதுங்க.”

வலக்கை மாவுக்கட்டில் இருந்தது. இடக்கையால், குழந்தை எழுதுவதுபோல் கோணலாக வாக்குமூலத்தின் அடியில் தன் பெயரை எழுதினாள். யாரோ ஒரு நெவெனா என்று நிறுவனம் கைகழுவிவிடக் கூடாது என்று, அதன் கீழே தன் பணி எண்ணையும் எழுதினாள்.