குடும்பப் பெயர் கட்டாயமில்லை

கணினியில் ஆட்களின் பெயரைப் பதிவதற்கான உலகத் தரநிலையின் வரைவு, குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. நமக்கு ஏது அது? இல்லாத பெயரை எப்படி எழுதுவது?

நம் நாட்டுத் தரநிலைக் குழுவுக்கு ஆட்சேபம் எழுதினேன். ‘அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று திருத்தினால் சம்மதம்’ என்று குறிப்பிட்டு, நாடுகளின் வாக்கெடுப்பில் அவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள்.

இன்று பாளையங்கோட்டை இன்டர்நெட் மையத்தில் மின்னஞ்சல் பார்த்தேன். திருத்திவிட்டார்கள், மறு வாக்கெடுப்பில் வரைவு நிறைவேறிவிட்டது!

மையத்து அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“நீங்க சொன்னதயா டீச்சர் இத்தன நாடும் கேட்டுச்சு? நான் சொன்னா எங்க வீட்டு நாய்கூட கேக்க மாட்டேங்கு!”

“காரணத்தோட சொல்லிப் பாரும், அண்ணாச்சி.”

முகம் தெரியாத அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் அந்த வரைவின் வெளிநாட்டுத் தொகுப்பாளர் எனக்கு எழுதிய நன்றி மடல், ‘அன்புள்ள திரு. ஞானமுத்து’ என்று தொடங்குகிறது. அவர் என் இனிஷியலில் இருக்கும் அப்பா.

உங்களில் எத்தனை பேர் அப்பாவாகக் கடிதம் வாங்கியிருக்கிறீர்கள்?