கனமான தட்டு

நான் பனியன் கம்பெனியில் துணி எடை பார்க்கிற ஆள். துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, தெரிந்துவிடும். கனமாக இருந்தால் நல்ல துணி, லேசாக இருந்தால் ஏமாற்று. இருபது வருடமாக எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

டிஸ்க் கால்ஃப் என்று ஒரு விளையாட்டு. தட்டை வீசித் தூரத்தில் இருக்கும் கூடையில் விழவைக்க வேண்டும். அந்தப் படம் அச்சடித்த டி-சர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. நிறம் பார்ப்பதற்காக, ஆர்டர் கொடுத்த பையர் ஆறு தட்டுகள் அனுப்பியிருந்தான். வேலை முடிந்ததும் எட்டு வயது மூத்த மகளுக்கு ஒன்று கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆறையும் தராசில் வைத்தேன். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, சின்னப் புள்ளைக்கு லேசானதுங்க. ஓரம் மழுங்கலா இருக்கோணும். கனமானது கடைசீல இடப்பக்கம் வெட்டி எறங்குமாமுங்க. நெட்ல படிச்சனுங்க."

"லேசானத நீயே வெச்சுக்க கண்ணு. இட்லிச் சட்டிக்கு மூடியாகும்."

இருப்பதிலேயே கனமானதை எடுத்தேன். நூற்று எழுபத்தைந்து கிராம். ஓரம் கூர்மையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியைக் கூடையாக வைத்தேன். முதல் வீச்சு இடப்பக்கம் போனது. இரண்டாவதும் அப்படியே. மகள் மணிக்கட்டை உதறிக்கொண்டாள்.

"வேகமாப் போடு!" என்று கத்தினேன்.

இடப்பக்கம் எங்கள் வாசல். அங்கே தண்ணீர் டிரம். மூன்று வயது இளையவள் அதில் சொம்பை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். பார்த்தேன். பார்த்துவிட்டும் பெட்டியையே காட்டினேன்.

ஐந்தாவது வீச்சு பெட்டியை நோக்கித்தான் போனது. பாதி வழியில் இடப்பக்கம் சாய்ந்தது. இளையவள் கையிலிருந்து சொம்பு நழுவியது. எடுக்கக் குனிந்தாள். அவள் முகம் இருந்த இடத்தில் தட்டு டிரம்மில் அடித்துத் தெறித்தது.

மனைவி ஓடிவந்து இளையவளைத் தூக்கினாள். "ஏனுங்க, பனியனுக்குப் பாக்கற எடையத்தான் புள்ளைக்கும் பாத்தீங்களா?"

"நா நேராத்தானுங்கப்பா போட்டேன்," என்றாள் மூத்தவள்.

நேராகத்தான் போட்டாள். அதை நான் சொல்லவில்லை. அவளைத்தான் திட்டினேன்.

மறுநாள் கம்பெனியில் அந்த மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் கேட்டு லேசான தட்டை வாங்கி வந்தேன். நன்றாகப் பறக்கிறது. ஆனால் இளையவள் வாசற்படி இறங்கினால் போதும், மூத்தவள் தட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொள்கிறாள். நான் கூப்பிட்டாலும் நகர்வதில்லை.