நான்கு நிறத் தாள்கள்

என் மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். ஒருத்தி கதைப்புத்தகத்தை மூச்சுவிடாமல் வாசிப்பாள். இன்னொருவன் எழுத்துக்கூட்டவே திணறுவான். ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே எனக்கு இது பொறுக்கவில்லை. வேலை கிடைத்த முதல் வருடமே மாற்றிக் காட்டுவது என்று கிளம்பிவிட்டேன். அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சித்தாள், நான்கு படிகளில். நான்கு விதமாக எழுதி, நான்கு விதமாகத் திருத்தி, நடுவில் மதியச் சோறும் விளம்ப உனக்கு நேரம் ஏது என்று தலைமையாசிரியை கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

உதியன்குளங்கரைக் கடையில் நான்கு நிறத்தில் தாள் கிடைத்தது. எளியது மஞ்சள், அடுத்து ரோஸ், பிறகு நீலம், கடினமானது வெள்ளை என்று வைத்துக்கொண்டேன். அமரவிளையில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டு ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை கடைக்குப் போயிருக்கிறேன். எல்லைக்கு இப்புறம், இந்த மலையாள மண்ணில், மிகவும் ஏழைகளுக்கு மஞ்சள் கார்டு, அடுத்து ரோஸ், பிறகு நீலம், வசதியுள்ளவர்களுக்கு வெள்ளை. அதே வரிசையில் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பிள்ளைகளுக்கு முதல் நாளே உறைத்துவிட்டது.

“எலே, ஒனக்கு மஞ்சளாக்கும். அரி நெறய கிட்டும்,” என்றான் நீலத்தாள்காரன் ஒருவன். வகுப்பே சிரித்தது. வாசிப்புக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் நானும் கூடச் சிரித்தேன்.

மஞ்சள் தாள் வாங்கியவர்களில் ஒருத்தி அதிகம் பேசாதவள். ஒரு மாதத்தில் அவள் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அம்மா வந்தார். ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் வெட்டும் வேலை; கையில் பால் கறையோடு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். மகளுக்கு டி.சி. கேட்டுத் தமிழில் எழுதிய விண்ணப்பத்தை என் மேசைமேல் வைத்தார்.

“எங்க கார்டு மஞ்சளாக்கும், இல்லேன்னு சொல்லேல்ல. அதுக்கு பிள்ளைக்க கையிலயும் மஞ்சளா குடுக்கணும், டீச்சரே?”

கார்டைப் பார்த்துக் கொடுக்கவில்லை, வாசிப்பைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று விளக்கினேன். சொல்லும்போதே மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மஞ்சள் தாள் பிள்ளைகள் ஐந்து பேர். அதில் நான்கு பேர் மஞ்சள் கார்டு வீடு.

அம்மாவின் பக்கத்தில் நின்ற மகள் அந்த விண்ணப்பத்தை எடுத்தாள். விரல் வைத்து வாசித்தாள். “என்... மக... ளை... வேறு... பள்ளி... யில்...” அங்கே நிறுத்தினாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“அம்மா, எனக்கு போவாண்டாம்.”

“இது எப்பம் மக்கா படிச்ச?”

அவள் அடுத்த சொல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு தாளை மெல்ல வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நெறத்த மாத்துங்க டீச்சரே. பிள்ளை இங்கயே நிக்கட்டு.”

இப்போது எல்லாமே வெள்ளைத் தாள். ஒரே பெட்டியில் போட்டுவைத்து, வேண்டியதை எடுக்கச் சொல்கிறேன். சோம்பேறிகள் எளியதைத் துழாவி எடுக்கிறார்கள்; வீம்புக்காரர்கள் கடினமானதை எடுத்துவிட்டு விழிக்கிறார்கள். எது யாருடையது என்று பார்த்துத் திருத்துவதற்குள் மணியடித்துவிடுகிறது. தலைமையாசிரியை கேட்டது சரிதான், நேரம் போதவில்லை. ஆனாலும் காலையில் வகுப்புக்கு ஓடத்தான் செய்கிறேன்.

போன வாரம் அவள் இரண்டாம் படித் தாளை எடுத்தாள். பாதிக்குப் பாதி தப்பு. திருத்திக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள், முகம் வாடாமல், அடுத்ததற்குப் பெட்டிக்குள் கையை விட்டாள்.