பட்டினி கிடந்த அப்பா பென்குயின்

என் மனைவிக்கு ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் வேலை. இக்கரையில், போட்டாதாங் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான்.

அன்று பாலத்தில் நெரிசல். அவள் வர வெகுநேரம் ஆனது. காத்திருந்தபோது போனில் பென்குயின் படம் பார்த்தேன். கடல் வெகுதூரம் பனியாக உறைந்துவிட்டால், இரை தேடிப் போன தாய் திரும்ப நாளாகுமாம். அதுவரை தந்தை பட்டினியோடு முட்டையைக் காக்குமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் வந்து செருப்பைக் கழற்றியதும் போனை நீட்டினேன்.

"பாரு, நானும் இப்படித்தான்."

அவள் அடுக்களைக்குப் போனாள். காலையில் இருவருக்குமாகச் செய்துவைத்திருந்த கௌசுவே நூடுல்ஸ் பாத்திரத்தைத் திறந்தாள். காலி.

"அந்த அப்பா, அம்மா பங்கையும் சேத்துத் தின்னுச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

அன்றிலிருந்து என் தியாகத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அந்தப் பறவை சாப்பாட்டுக்காக முட்டையை விட்டு நகரவே இல்லை. நான் அடுக்களைக்கு மூன்று முறை போயிருந்தேன்.